அறுபத்து மூன்றாம் பக்கம்

இவாஞ்சலின் டீச்சருக்கு வரும் மெயிலெல்லாம் என் கடைக்குத்தான் வரும். அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாமல் போய் மூன்று வருடமாகிறது. எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அதனால் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே நான் வைத்திருக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் கடையின் மெயில் முகவரியையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். வந்ததைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ராயப்பன்பட்டிக்குப் போய் வாசித்துக் காட்டுவேன். முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாத விளம்பரமாக இருக்கும். அதையும் ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவுகளுக்கு வேற வேலயே இல்லயா" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது விளம்பரமில்லை. பெங்களூரில் கணக்கில் ஆராய்ச்சி செய்யும் ஓவியா என்ற பெண் எழுதியிருந்தாள். பழைய ஆராய்ச்சி ஏடுகளை இப்போது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போடுகிறார்களாம். அதில் 1984-இல் டீச்சர் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஏட்டை அவள் பார்த்திருக்கிறாள். அதன் நான்காம் அத்தியாயத்தில் ஒரு தேற்றம் இருக்கிறது. அதையே பதினொரு வருடம் கழித்து வெளிநாட்டில் ஒருவர் நிரூபித்து, இன்று வரை புத்தகங்களில் அவர் பெயரால் வழங்குகிறது. இது முதலில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் செய்தது என்று ஓவியா ஒரு கட்டுரை எழுதி முடித்துவிட்டாள். அச்சில் வந்துவிட்டால் இனிமேல் அது இவாஞ்சலின் தேற்றம்.

இவ்வளவையும் வாசித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொல்லலாமா என்று வாய் துறுதுறுத்தது. நல்லவேளை, அடுத்த பத்தியையும் வாசித்தேன்.

ஒரே ஒரு தடை இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருக்கிறது. கூட்டல் என்றால் நிரூபணம் சரி. கழித்தல் என்றால் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். அது டைப் அடித்தவரின் பிழையாக இருந்தால் ஒரு அடிக்குறிப்பு போட்டுவிட்டுப் போய்விடலாம். எழுதியவரின் பிழை என்றால் 1984-இல் நிரூபணமே இல்லை என்று ஆகும், பெயர் அந்த வெளிநாட்டுக்காரருக்கே போய்விடும். கையெழுத்துப் பிரதி எங்காவது இருந்தால் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.

டைப் அடித்தவர் நான்தானே.

1983-இல் எனக்கு இருபத்து நான்கு வயது. கோர்ட்டு வாசலில் ஒரு தகர ஷெட், ஒரு பழைய மெஷின், பெயர்ப்பலகையில் பஞ்சம்மாள் என்று பெரிய எழுத்து. ஒரு பெண் பிள்ளை கோர்ட்டு வாசலில் கடை போட்டதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று தெரிந்ததும் வேடிக்கை குறைந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், காட்டன் சேலையில் ஒல்லியாக ஒருவர் வந்து, துணிப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெரியகுளத்தில் ஒரு காலேஜில் கணக்கு வாத்தியார், ஊர் ராயப்பன்பட்டி, மதுரையில் டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் அதுவரை கணக்கில் அந்தப் பட்டத்துக்குப் போன பெண் கிடையாது. ஆண்களிலேயே ஒருவரோ இருவரோதான்.

"குறி வர்ற எடத்தயெல்லாம் காலியா விட்ருங்க. மெஷின்ல இல்லாதத நான் பேனாவால எழுதிக்கிறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலை ஒன்று, பழகிய கை ஒன்று.

பத்திரத்திலும் கோர்ட்டுக் காகிதத்திலும் காலி இடம் விடக் கூடாது. விட்டால் நாளைக்கு யாராவது அதற்குள் ஒரு சொல்லைச் சொருகிவிடுவார்கள், வீடு கைமாறிவிடும். அதனால் வரி பாதியில் நின்றாலும் நடுவில் இடைவெளி விழுந்தாலும் கோடு கோடாக அடித்து அடைத்துவிடுவோம். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்தபோது பன்னிரண்டு பக்கம் தயாராக இருந்தது, கார்பன் வைத்து ஐந்து பிரதி. ஒரு காலி இடம் கிடையாது, குறி வர வேண்டிய இடமெல்லாம் கழித்தல் மாதிரி கோடு. அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"ஆத்தா, ஏங் கணக்குல இருந்ததயெல்லாம் கழிச்சு விட்டுட்டியே. மிச்சம் என்ன இருக்கு?"

"காலி எடம் விட்டா எவனாவது எதயாவது உள்ள சொருகிருவான் டீச்சர். அப்பறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"கணக்குக்குள்ள சொருகுறதுக்கு ஒருத்தன் வந்தா நான் அவனுக்கு மால போடுவேன். இது வரைக்கும் யாருமே எட்டிப் பாக்கல."

பன்னிரண்டு பக்கத்தையும் திருப்பி அடித்தேன். அதன் பிறகு கழித்தல் குறியை மட்டும் நான் மெஷினில் அடிப்பது, மற்றதெல்லாம் அவர் கையால் எழுதுவது என்று ஒப்பந்தம். ஆறு மாதம் ஓடியது. சனிக்கிழமை தவறாமல் ராயப்பன்பட்டி பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் அடிக்க அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து பிரதியிலும் குறி எழுதுவார். பையில் பேப்பரில் சுற்றிய பன்னீர் திராட்சை இருக்கும். மேசை மேல் வைத்தால் காகிதத்தில் கறை பட்டுவிடும் என்று நான் கத்துவேன், இருவரும் வாசல்படியில் நின்று தின்போம். கறை என் தாவணியில் இருக்கும்.

இதெல்லாம் எதைப் பற்றிய கணக்கு என்று ஒரு நாள் கேட்டேன். கோர்ட்டுக் காகிதத்தையே என்ன ஏது என்று தெரியாமல் அடிக்க எனக்குப் பிடிக்காது.

அவர் அப்பா இருதயத்துக்கு ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தல் இருந்தது. எட்டு வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பந்தலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வாராம். மேலே பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் கம்பி, கட்டம் கட்டமாக வானம். கம்பி மேல் எறும்பு போகும். இந்த மூலைக் கல்லுக்காலிலிருந்து எதிர் மூலைக் கல்லுக்காலுக்கு, திரும்பி வராமல் போக ஒரு எறும்புக்கு எத்தனை வழி என்று எண்ண ஆரம்பித்திருக்கிறார். ஒரு எறும்பு என்றால் அது பள்ளிக்கூடக் கணக்கு. நாலைந்து எறும்பு, ஒன்றை ஒன்று எங்குமே சந்திக்காமல் போக வேண்டும், நடுவில் சில கம்பி அறுந்தும் கிடக்கிறது என்றால்? அதற்கு யாரிடமும் விடை இல்லை என்று மதுரைக்குப் படிக்கப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"எல்லாரும் எறும்பக் கொல்லுறாக. நீங்க அதுக்கு வழி சொல்லுறீக" என்றேன். அதற்கும் சிரித்தார்.

சிரிக்காத சனிக்கிழமைகளும் உண்டு. மதுரையில் கைடாக இருந்தவர், பெண்களுக்கு இவ்வளவு பெரிய கணக்கு எதற்கு, சின்னதாக ஒன்றை எடுத்து முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அப்பா ஒவ்வொரு வாரமும் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். அந்த நாட்களில் டீச்சர் பேசாமல் குறி எழுதிக்கொண்டே இருப்பார். நானும் பேசாமல் அடிப்பேன். இரண்டு பேருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் மதுரைக்குக் கூடப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். டீச்சர் "எறும்பு" என்றாராம். திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது, இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காற்றில் அவர் முடி கலைந்து பறந்தது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்து, எத்தனையோ நல்ல நாள் வந்து போயிருக்கிறது. அந்தப் பஸ்ஸில் இருந்த மாதிரி நான் மறுபடி இருந்ததில்லை. அந்தப் பட்டம் பாதி என்னுடையது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் அத்தியாயத்தை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார், சுருக்கமாக இல்லை என்று திரும்பி வந்தது. அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பி பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னும் இருபத்தைந்து வருடம் காலேஜில் பாடம் நடத்தி, மூட்டை மூட்டையாகப் பரீட்சைப் பேப்பர் திருத்தி, ரிட்டையர் ஆகி, கண்ணும் போய்விட்டது. அந்த ஏட்டை நாற்பது வருடம் ஒருவரும் தொடவில்லை. இப்போது ஒருத்தி தொட்டாள், தொட்டதும் என் கோடு தட்டுப்பட்டிருக்கிறது.

டைப் அடித்து முடிந்த பிறகு கையெழுத்துப் பிரதியைத் தூக்கிப் போடப் போனவரிடம் நான்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மெயில் வந்த அன்றே கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். பீரோவின் அடித்தட்டில், கல்யாணச் சேலைக்குக் கீழே இருந்தது. கூட்டலை அவர் எழுதியிருப்பார், காலி இடம் விட வேண்டியதை நான் பழக்க தோஷத்தில் கோடு அடித்திருப்பேன், அவர் பெயரை நாற்பது வருடம் நான் அடைத்து வைத்திருந்திருக்கிறேன். இப்படியே நினைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடினேன்.

கழித்தல்தான் இருந்தது. அவர் கையெழுத்தில், நீல மையில், தெளிவாக.

அப்பாடா என்று இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை, முதலில் அதுதான் தோன்றியது. என் தப்பில்லை. அரை நிமிடம்தான் அந்த நிம்மதி. பிறகுதான் உறைத்தது. என் தப்பில்லை என்றால் அவர் தப்பு. அவர் தப்பு என்றால் பெயர் இல்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக வந்தது.

மேசையில் நீலப் பேனா கிடந்தது. ஒரு கழித்தலைக் கூட்டலாக்க ஒரு கோடு போதும், ஒரு எள்ளளவு. ஓவியாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினால் முடிந்தது. பேனாவைத் திறந்து காகிதம் வரை கொண்டுபோனேன். மற்றவர் எழுத்துக்குள் யாரும் எதையும் சொருகிவிடக் கூடாது என்பதற்காகவே நாற்பது வருடம் கோடு அடித்த கை இது. பேனாவை மூடி வைத்தேன். நியாயம் பேசி மூடவில்லை, கை வரவில்லை. ஆனால் வாய் இருக்கிறதே என்று தோன்றியது. என் தப்பு என்று நான் சொல்லிவிட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? பன்னிரண்டு பக்கம் கோடு அடித்தவள்தானே. டீச்சருக்கோ எழுத்து தெரியாது.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பையும் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு ராயப்பன்பட்டிக்குப் போனேன். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மெயிலை வாசித்தேன். முடியும் வரை அவர் கை நின்றே இருந்தது.

"அந்தப் புள்ள நாலாம் அத்தியாயம் முழுசும் வாசிச்சிருக்காளா?"

"வரி வரியா வாசிச்சிருக்கா டீச்சர்."

"நாப்பது வருசத்துல மொத ஆளு" என்றார். அவர் முகம் மலர்ந்தது. இந்த முகத்துக்காக எந்தப் பொய்யும் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

"டீச்சர், அது நான் பண்ணுன தப்பு. கையெழுத்துப் பிரதிய எடுத்துப் பாத்தேன். நீங்க கூட்டல்தான் போட்டிருக்கீக. நாந்தான் கோர்ட்டுக் கோடு அடிச்சு வச்சிருக்கேன். மன்னிச்சிருங்க."

டீச்சர் மொச்சைத் தட்டை ஒதுக்கி வைத்தார். "பிரதி கொண்டாந்திருக்கியா? அந்தப் பக்கத்த வாசி" என்றார்.

வாசித்தேன். நாற்பது வருடத்துக்கு முன் அடித்ததால் அந்தக் குறிகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் தயங்காமல் கூட்டல் என்றே வாசித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த வரிக்குப் போனேன்: "இதிலிருந்து எளிதில் காணலாம்."

"நில்லு" என்றார் டீச்சர். "அப்பிடியா எழுதியிருக்கேன்? எளிதில் காணலாம்னு?"

"ஆமா டீச்சர். அதுக்குக் கீழ விடை இருக்கு."

"அப்ப அது மைனஸ், பஞ்சு."

பிரதியை மடியில் வைத்தேன்.

"கூட்டல் போட்டிருந்தா ரெண்டு வரியில விடை தானா வந்து விழுந்திருக்கும். ரெண்டு வரியையும் நான் எழுதியிருப்பேன். விடை என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும், சின்னச் சின்னப் பந்தலா வரஞ்சு கையால எண்ணி வச்சிருந்தேன். வழிதான் வரல. வராத எடத்துல கணக்குக்காரங்க எல்லாரும் எளிதில் காணலாம்னுதான் எழுதுவாக. நானும் எழுதியிருக்கேன்."

"யாருக்கு டீச்சர் இது தெரியப் போகுது?" என் குரல் உயர்ந்துவிட்டது. "டைப் அடிச்சவ தப்புன்னு சொன்னா அந்தப் புள்ள நம்பிரும். எனக்கு என்ன வந்துச்சு? நாளைக்கு என்ன வேலையவிட்டுத் தூக்கப் போறாகளா? உங்க பேரு டீச்சர். ஒலகம் பூராப் புத்தகத்துல வரப் போகுது."

"உம் மேல பழியப் போட்டு வரணுமா?"

"நாந்தானே போட்டுக்கிறேன்."

"கேளு" என்றார். அவர் குரல் உயரவில்லை. "மதுரையில படிக்க வச்சது எங்கய்யா முடிவு. காலேஜ் வேல பங்குச் சாமியார் பாத்து வாங்கிக் குடுத்தது. எங்களோடயே இருன்னது தம்பி. கல்யாணம் வேணாம்னுகூட நானாச் சொல்லல, வந்தவுகதான் வேணாம்னு போனாக. எழுவத்திரண்டு வருசத்துல யாரயும் கேக்காம நானாச் செஞ்சது அந்த ஒண்ணுதான். அதுல இருக்குற தப்பும் எனக்கு வேணும், பஞ்சு. அதயும் எங்கிட்டருந்து வாங்கிக்காத."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய மனுஷி, கைக்கு வந்ததை இப்படித் தட்டிவிடுகிறாரே என்று. லேப்டாப்பைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்துப் பிழை என்னுடையது. கையெழுத்துப் பிரதியிலும் அப்படித்தான் இருக்கிறது. டைப் செய்தவர் நான் எழுதியதை அப்படியே அடித்தார்.

"டைப் செஞ்சவர்னு மொட்டையாப் போடாத. ஒம் பேரப் போடு."

போட்டேன். திரை மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கடைசியா ஒண்ணு" என்றார். "எளிதில் காணலாம்னு நான் எழுதுனது பொய். எளிதா இல்ல. எனக்கு வரலன்னு எழுது."

அதையும் அடித்தேன். அனுப்பு என்றார். அந்தப் பொத்தான் மேல் விரலை வைத்தேன், அழுத்த முடியவில்லை. அழுத்தினால் அந்தப் பெயர் போய்விடும். நான் சும்மா இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டி என் தோளைத் தொட்டார். தோளிலிருந்து தடவிக்கொண்டே முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, என் விரலைக் கண்டுபிடித்தார். தன் விரலை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு டீச்சர்" என்றேன்.